சுரங்கத்துக்கு வெளியே சிவப்புப் பெயர்

1985-இல் வந்த அல்டிமா என்ற கணினி விளையாட்டின் நான்காம் பாகத்தில் பார்வையற்ற மூலிகைக்காரி ஒருத்தி வருவாள். வாங்கிய சரக்குக்கு எத்தனை காசு தருகிறோம் என்பதை நாமேதான் சொல்ல வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவளுக்குத் தெரியாது. விளையாட்டுக்குத் தெரிந்துவிடும், நம் கணக்கில் நேர்மை இறங்கும். அரக்கனைக் கொன்றால் ஆட்டம் முடிந்தது என்றிருந்த காலத்தில், ரிச்சர்ட் கேரியட் என்ற இளைஞர் நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்று எட்டு அறங்களை அடித்தளமாகப் போட்டு ஒரு முழு விளையாட்டைக் கட்டினார். எட்டிலும் தேறாமல் அதை முடிக்க முடியாது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1997 செப்டம்பர் 24 அன்று, அந்த விளையாட்டின் கற்பனை நாடான பிரிட்டானியா இணையத்தில் திறந்தது. பெயர் அல்டிமா ஆன்லைன். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரிலிருந்த கேரியட்டின் ஆரிஜின் நிறுவனம் உருவாக்கியது. சந்தா மாதம் 9.95 டாலர். மந்திர ரத்தினம் ஒன்று உடைந்து சிதறியது, அதன் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் இந்த உலகத்தின் பிரதி ஒன்று இருக்கிறது என்று கதை சொன்னார்கள். ஒவ்வொரு சர்வரும் ஒரு சில்லு. கடைக்காரன், கொல்லன், திருடன் என்று பல இடத்திலும் இப்போது உயிருள்ள மனிதர்கள். மூலிகைக்காரியை ஏமாற்றினால் கண்டுபிடிக்க இயந்திரம் இல்லை. ஏமாந்தவருக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் பிறகுதான்.

திறப்பதற்கு முன்பே இதன் குணம் தெரிந்துவிட்டது. அந்த ஆகஸ்டில் சோதனை ஓட்டத்தின்போது கேரியட் தன் அரச வேடத்தில், லார்ட் பிரிட்டிஷ் என்ற பெயரோடு, மக்களைப் பார்க்க வந்தார். சர்வர் ஒருமுறை விழுந்து எழுந்ததில் அவருக்கிருந்த சாகாவரம் நீங்கியிருந்தது; யாரும் கவனிக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் நெருப்பு மந்திரச் சுருளை வீச, நாட்டைப் படைத்தவர் அங்கேயே செத்து விழுந்தார்.

அன்றைய சட்டங்கள் எளிமையானவை. ஊர் எல்லைக்குள் யாராவது தாக்கினால் கணினியே இயக்கும் காவலரைக் கூப்பிட்டு ஒரு சொல் தட்டச்சு செய்தால் போதும். அந்த நொடியே தோன்றி ஒரே வெட்டில் முடித்துவிடுவார். எல்லையைத் தாண்டினால் யாரும் யாரையும் கொல்லலாம். செத்தவரின் பிணத்தைத் திறந்து உள்ளதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். திருடுவதற்கென்றே ஒரு திறமை உண்டு. வீட்டுக்குச் சாவி உண்டு, அந்தச் சாவியையும் பறிக்கலாம். ஒரு பாத்திரத்துக்கு மொத்தம் 700 புள்ளி, ஒரு திறமைக்கு அதிகபட்சம் 100. ஆக ஏழு கலைகளில் தேறலாம், எட்டாவதற்கு இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு இதுவே எல்லாவற்றுக்கும் வேர் என்று படுகிறது. நல்ல கொல்லரால் நன்றாகச் சண்டை போட முடியாது. சண்டைக்காரருக்குக் கவசம் அடிக்கத் தெரியாது. ஒருவரை ஒருவர் தேடிப் போகத்தான் வேண்டும்; போகும் வழி காட்டுக்குள் போகிறது.

நான் இதை விளையாடியது அதன் தொடக்க நாட்களில் அல்ல. ரன்யூஓ என்ற இலவச மென்பொருளை வைத்து ரசிகர்களே தங்கள் செலவில் சர்வர் நடத்தத் தொடங்கிய பிறகு, பழைய கடுமையான சட்டங்களை அப்படியே வைத்திருந்த ஒன்றில். சென்னையிலிருந்து அமெரிக்காவிலிருந்த சர்வருக்கு. என் பாத்திரம் சுரங்கம் வெட்டும் கொல்லன்.

மினாக் என்ற மலையூருக்குப் பக்கத்துச் சுரங்கம் எங்களைப் போன்றவர்களின் பிழைப்பிடம். பிக்காசை எடுத்துப் பாறையில் வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி வரும்: கிடைத்தது, அல்லது கிடைக்கவில்லை. தாது பயங்கரக் கனம். பொதிக்குதிரை இல்லாமல் நாலு எட்டு வைக்க முடியாது. சாதாரண இரும்பு எங்கும் உண்டு. வேலொரைட் போன்ற அரிய நிறத்தாது, திறமை உச்சத்துக்குப் போனவருக்கும் எப்போதாவதுதான் அகப்படும். வெட்டியதை உலையில் உருக்கிப் பாளமாக்கி, பாளத்தைக் கவசமாக்கி, பிரிட்டன் நகரத்து வங்கி வாசலில் விற்க வேண்டும். அந்த வாசல் எப்போதும் வாரச்சந்தை மாதிரி இருக்கும்: தலைக்கு மேல் எழுத்துகளாக மிதக்கும் கூவல்கள், கூட்டத்துக்குள் பை தடவும் திருடர்கள், யாரோ எதற்கோ அடித்துக்கொண்டு சாக, காவலர் தோன்றி மறைய.

சுரங்க வாயிலில் நிற்கும்போது கண் பாறையில் இருக்காது, திரையின் ஓரத்தில் இருக்கும். வருபவரின் பெயர் நீலமாக இருந்தால் குற்றமற்றவர். சாம்பல் நிறம் என்றால் ஏதோ தப்புச் செய்துவிட்டு அலைகிறவர். ஐந்து கொலைகளைத் தொட்டவரின் பெயர் சிவப்பு. திரை ஓரத்தில் சிவப்பு தெரிந்த மாத்திரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கை நிஜமாகவே வியர்க்கும், சுட்டி நழுவும். 'கார்ப் போர்' என்று அவர் தலைக்கு மேல் மந்திரச் சொல் எழும்பும். சொல் முதலில், இடி பின்னால். அந்த இடைவெளியில்தான் உயிர் இருக்கிறது. ஓடுவதா, மருந்து குடிப்பதா, குதிரையை விட்டுவிடுவதா? ஆயிரக்கணக்கான மைல் கேபிள் தாண்டி நம் முடிவு போய்ச் சேருவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும்.

செத்ததும் உலகம் சாம்பல் நிறமாகிவிடும். நாம் ஆவி. பேசினால் உயிரோடிருப்பவர்களுக்கு 'ஊஊ' என்று மட்டும் கேட்கும். நம் பிணத்தைச் சிவப்புப் பெயர்க்காரர் திறந்து, வேண்டியதைப் பொறுக்கி, வேண்டாததை அங்கேயே போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பிறகு ஒரு சிறு பெட்டி திறந்து கேட்கும்: இவரைக் கொலைகாரர் என்று புகார் செய்கிறீர்களா? ஆமாம் என்றால் அவர் கணக்கில் ஒன்று கூடும், அவ்வளவுதான். காடுகளில் அலையும் வைத்தியரையோ, அன்க் வடிவச் சந்நிதியையோ தேடிப் போய் உயிர்த்தெழுந்தால் உடம்பில் ஒரு சாம்பல் அங்கி மட்டும் இருக்கும். திரும்பி ஓடிவந்தால் பிணம் எலும்பாகியிருக்கும்.

இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் சித்தி மகன் கேட்டான்: "ஏண்ணே, காலைலேர்ந்து வெட்டுனது அத்தனையும் போச்சு. இதுல உனக்கு என்ன சந்தோஷம் இருக்கு?" நியாயமான கேள்வி. அன்றைக்கு, "போனா இன்னொரு தடவை வெட்டிக்கலாம்டா" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். முழுப் பதில் இங்கே.

ஒருநாள் அதே சுரங்கத்துக்குக் கீழே ஆவியாக நின்றேன். முன்பின் தெரியாத ஒருவர் குதிரையை நிறுத்தி இறங்கினார். மருத்துவமும் உடற்கூறும் எண்பதைத் தாண்டியவர்கள் வெறும் கட்டுத்துணியைக் கொண்டே செத்தவரை எழுப்பலாம். எழுப்பினார். தன் பையிலிருந்து ஒரு தோல்சட்டையும் பழைய பிக்காசு ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். ஊர் எல்லை வரை கூடவே வந்தார். அந்தச் சிவப்புப் பெயர்க்காரர் அப்போதும் பக்கத்து மலையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். திரும்பி வந்திருந்தால் இவருடைய குதிரையும் கவசமும் போயிருக்கும். இவருக்கு இதில் ஒரு புள்ளியும் கூடவில்லை, எந்தப் பெட்டியும் திறந்து பாராட்டவில்லை. நான்காம் பாகத்தில் பிச்சைக்காரருக்குக் காசு போட்டால் கருணை ஏறும் என்று விளையாட்டே கணக்கு வைத்திருந்தது. அந்தக் கணக்குக்காகவே போட்டவர்கள் உண்டு. இங்கே கணக்கு இல்லை. செய்யாமல் போயிருக்கலாம், என்னை மறுபடியும் கொன்றிருக்கலாம், எல்லாமே அவர் கையில் இருந்தது. எட்டு அறங்களில் ஒன்றை நான் உண்மையாகப் பார்த்தது அங்கேதான். அதைத் தவிர்க்க எத்தனையோ வழிகள் திறந்திருந்த இடத்தில் பார்த்தேன்.

பொருளுக்கு மதிப்பு வந்ததும், எதையும் இழக்க நேரலாம் என்ற இதே காரணத்தால்தான். தொழிலின் உச்சத்தைத் தொட்ட கொல்லர் அடிக்கும் வாளில் அவர் பெயர் பதியும். அந்த வாள் தேயும், உடையும், கொள்ளை போகும். ஆகவே வாங்கியவர் மறுபடி வந்து நிற்பார். பெயரைப் பார்த்து வாங்குவார்கள், பெயருக்காக நல்ல விலையும் கொடுப்பார்கள். தட்டையான நிலமெல்லாம் வீடுகளாகி நிறைந்துபோனது. வீட்டுப் பத்திரம் நிஜ டாலருக்கு ஈபேயில் கைமாறியது. ஜூலியன் டிபல் என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்த உலகத்துப் பொருள்களை வாங்கி விற்றே பிழைக்க முடியுமா என்று பார்க்க இறங்கி, அதைப் 'பிளே மணி' என்ற நூலாக 2006-இல் வெளியிட்டார். வெறும் எண்களால் ஆன கோட்டைக்கு ஏன் காசு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அது இடிந்துபோகக் கூடியது, அதனால்தான்.

நிஜமாகவே இடியும். வீட்டுக்காரர் வந்து கதவைத் திறந்து புதுப்பிக்காமல் நாள் கடந்தால், வாசல் பலகையில் வீட்டின் நிலை படிப்படியாக மோசமாகிக்கொண்டே வரும். கடைசிப் படி: இந்தக் கட்டடம் இடிந்து விழும் நிலையில் உள்ளது. அந்த வரி வந்துவிட்டால் செய்தி பரவிவிடும். கூட்டம் கூடும், மரங்களுக்குப் பின்னால் மறைந்து நிற்பார்கள். வீடு மறையும் கணத்தில் உள்ளேயிருந்த அத்தனையும் புல்தரையில் கொட்டும். யாரோ சேர்த்த துணிகள், புத்தகங்கள், யாருக்கோ பிறந்தநாளுக்கு வந்த, பெயர் பொறித்த ஒரு மேசைவிளக்கு. அதை எடுக்கத்தான் இருபது பேர் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். அந்த வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று, பரீட்சையா, வேலை போயிற்றா, உடம்பு சரியில்லையா என்று யாரும் கேட்டதில்லை. இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் கசந்த காட்சி இது. கொலையைவிட.

கசப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கடுமையான விளையாட்டுகளைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். வடிவமைப்புக்குத் தலைமை வகித்த ராஃப் காஸ்டர், மக்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்வார்கள், சமூகம் தானாகத் திருடனைத் தண்டிக்கும் என்று நம்பினார். பெரிய நம்பிக்கை, அழகான நம்பிக்கை. காடும் அப்படித்தான் தொடங்கியது: புல்லைத் தின்னும் முயல், முயலைத் தின்னும் ஓநாய், இரை குறைந்தால் ஊரை நோக்கி வரும் விலங்கு என்று ஒரு முழுச் சங்கிலியை எழுதி வைத்திருந்தார்கள். ஆட்கள் புகுந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் கொன்று தீர்த்தார்கள். முயல் பெருக நேரமே இல்லை. அந்த அமைப்பையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. உலகத்திலுள்ள மொத்தப் பொருளும் ஓர் அளவுக்கு மேல் போகாமல் சுழல வேண்டும் என்ற திட்டமும் நிற்கவில்லை: எல்லோரும் பதுக்கினார்கள், திறமை ஏற்றுவதற்காக யாருக்கும் வேண்டாத சட்டைகளைத் தைத்துக் குவித்தார்கள்.

காவலும் அதேபோல் தோற்றது. ஏன் தோற்றது என்பதைச் சுரங்கத்தில் நின்றவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொலைகாரர் வரும்போது கையில் கொஞ்ச மருந்தும் மந்திரப் பொருளும் மட்டும் எடுத்துவருவார். தோற்றால் அவருக்குப் போவது அவ்வளவுதான். ஜெயித்தால் எதிராளியின் ஒரு நாள் உழைப்பு. நேரத்தை முடிவு செய்வதும் அவரே. கொல்லனைக் காக்க நினைக்கும் நல்லவரோ, ஒன்றும் நடக்காத வாயிலில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். வேலை முடிந்து வீடு திரும்பி விளையாட உட்கார்ந்தவர் எத்தனை நாள் நிற்பார்? கொலைக்கு ஐந்து நிமிடம் போதும், காவலுக்கு ஓர் இரவு வேண்டும். சில குழுக்கள் நின்றன, அவர்களைப் பற்றிய கதைகள் இன்றும் பேசப்படுகின்றன. ஆனால் சிலர் நின்றால் போதாது. நிறுவனம் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டது: கொலைக் கணக்கு, தலைக்கு விலை, சிவப்புப் பெயர்க்காரர் செத்து எழுந்தால் திறமை குறைவது. ஒவ்வொன்றுக்கும் ஓட்டை கண்டுபிடித்தார்கள். நீலப் பெயரோடு வந்து, நம் மந்திரத்தின் குறுக்கே வேண்டுமென்றே புகுந்து, நம்மைக் குற்றவாளியாக்கி, காவலர் கையால் கொல்ல வைத்தவர்களும் இருந்தார்கள்.

'வாழ்க்கையும் இப்படித்தான், இதுதான் எதார்த்தம்' என்று சிவப்புப் பெயர்க்காரர்கள் சொல்வது வழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. வாழ்க்கையில் வழிப்பறிக்காரனுக்கும் பசி உண்டு, தாய் உண்டு, தூங்க ஓர் ஊர் வேண்டும், முகத்தை மறைத்துக்கொண்டே காலம் தள்ள முடியாது. விளையாட்டில் கொன்றவர் கணினியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். வேட்டைக்கான வசதி அத்தனையும் எதார்த்தத்தில் இருப்பதைவிட அதிகம், வேட்டைக்காரரைக் கட்டுப்படுத்தும் கயிறுகளில் பாதிகூட அங்கே இல்லை. ஆகவே அது எதார்த்தத்தைவிடக் கொடுமையான இடம். ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளையாடுபவர்களைச் சாதிப்பவர், ஆராய்பவர், பழகுபவர், கொல்பவர் என்று நான்காகப் பிரித்து, கொல்பவர் பெருகினால் பழக வந்தவர்கள் முதலில் போய்விடுவார்கள் என்று காட்டியிருந்தார். 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பலர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும், எழுத்தால் மட்டுமே ஆன முதல் 'மட்' விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். அந்தக் கட்டுரை அல்டிமா ஆன்லைன் திறப்பதற்கு ஓராண்டு முன்பே எழுதியது.

2000-இல் நிறுவனம் நாட்டையே இரண்டாக்கியது. பிரிட்டானியாவின் இரண்டு நிலவுகளின் பெயரில் ஃபெலுக்கா, டிராமல் என்று இரு பிரதிகள். ஃபெலுக்காவில் பழைய சட்டம். அதற்கு அடையாளமாக மரங்களை எல்லாம் பட்டுப்போனவையாக வரைந்தார்கள். டிராமலில் மரங்கள் பச்சை, அனுமதி இல்லாமல் யாரும் யாரையும் தொட முடியாது. பெரும்பான்மையோர் பச்சைக்குக் குடிபோனார்கள். சந்தாதாரர்கள் குறையவில்லை, கூடினார்கள். 2003 வாக்கில் இரண்டரை லட்சம் பேரை எட்டியது. பிற்பாடு, ஃபெலுக்காவில் வெட்டினால் தாது இரட்டிப்பு என்று ஆசை காட்டிக்கூடக் கூப்பிட்டார்கள்.

டிராமலைத் துரோகம் என்று திட்டும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். என் தீர்ப்பு வேறு. பள்ளி விட்டு வந்த பிள்ளை, இரவுப்பணி முடித்த செவிலியர், பேசிப் பழக வந்த முதியவர் எல்லோரும் ஒருவருடைய பொழுதுபோக்குக்கு இரையாகத்தான் வர வேண்டும் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. டிராமல் தேவைப்பட்டது. தாமதமாகவும் வந்தது.

ஆனால் அங்கே கொல்லன் மெல்ல மெல்லப் பட்டினியானான் என்பதும் உண்மை. 2003-இல் வந்த ஏஜ் ஆஃப் ஷேடோஸ் தொகுப்பில் பொருள்களுக்குக் காப்பீடு வந்தது. சிறு தொகை கட்டினால் செத்தாலும் வாள் கையிலேயே இருக்கும். அரக்கர்களிடமிருந்து கிடைத்த மாய ஆயுதங்கள் கடையில் அடித்ததைவிடச் சிறந்தவையாயின. பெயர் பதித்த வாளைத் தேடி யாரும் வரத் தேவையில்லாமல் போயிற்று. வழித்துணைக்கு ஆள் பிடிக்கும் பழக்கம் போயிற்று. எதிரே வருபவரை நிறுத்தி, 'மலைப்பக்கம் சிவப்பு நிற்கிறது, சுற்றிப் போ' என்று எச்சரிக்கும் பழக்கம் போயிற்று. எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள், ஒருவருக்கொருவர் வேண்டாதவர்களானார்கள். இதற்குக் கொலைதான் விலை என்று நான் சொல்ல வரவில்லை. இழப்பு வேண்டும். அந்த இழப்பு உழைப்பவர் தலையில் மட்டும் விழாமல், கொல்ல வருபவரும் தன் வீட்டை, பெயரை, நாள்களைப் பணயம் வைத்து வர வேண்டும். அப்படி ஒரு சட்டத்தை முழுமையாக எழுதிய விளையாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. எழுதக்கூடியவர்கள் நம் ஊர்க் கல்லூரிகளிலும் நிரல் எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் இந்தப் பழைய நாட்டின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

நாடு இன்னும் இருக்கிறது. 2014 முதல் பிராட்ஸ்வோர்ட் நிறுவனம் நடத்துகிறது. 1999-இல் தொடங்கிய சீஜ் பெரிலஸ் என்ற சர்வரில் டிராமல் கிடையாது, ஒரு கணக்குக்கு ஒரே பாத்திரம், சட்டங்கள் கடுமையானவை. போகிறவர்களுக்கு மூன்று வார்த்தை. போனால் வருந்தாத அளவுக்கு மட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். பொருளைப் பறித்தால் அது ஆட்டம், பொறுத்துக்கொள்ளலாம். பறித்தவர் உங்கள் மொழியையோ, ஊரையோ, பெண் என்பதையோ பழித்துப் பேசினால் அது ஆட்டம் ஆகாது, சர்வர் நடத்துபவரிடம் அன்றைக்கே புகார் கொடுங்கள்.